இன்னும் நாலு நாள் உள்ளே இரு

அண்ணை,

நேற்று மருந்துக்கடை வாசலில் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். தலைக்கு மேல் ஒரு மரம் புதிதாகத் தளிர்த்திருந்தது. நடுக்காம்பின் இரு பக்கமும் சோடி சோடியாக, ஓரம் பல்லுப் பல்லாக, சின்னச் சின்ன இலைகள். எட்டி ஒன்றைப் பறித்துக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனேன். வேம்பின் மணம் இல்லை, வெறும் பச்சை மணம்தான். பக்கத்தில் நின்ற ஜேர்மன் பெண் நான் மரத்தோடு என்ன செய்கிறேன் என்று பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கப் போக அழுகை வந்தது. பஸ் வந்து என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் உங்களோடுதான் பேசிக்கொண்டு நின்றேன்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதமாகிறது. தேவாலயத்தில் உங்களைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். எத்தனை குடும்பங்களுக்கு மொழிபெயர்த்தீர்கள், எத்தனை விண்ணப்பம் நிரப்பினீர்கள் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். எனக்கும் உங்களுக்கும் இடையில் ஒரு பேச்சு தீராமல் கிடந்தது. அதை ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று தீர்க்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஜேர்மனியின் பான் நகரத்திலிருந்து ரயிலில் அரைமணி நேரம், ரைன் ஆற்றங்கரையில் நம்முடைய அந்தச் சின்ன ஊர். தமிழ்க் குடும்பங்கள் பத்துக்கு மேல் இல்லை. என் கணவர் முன்னமே வந்து, அகதி விடுதியில் இருந்து, தொழிற்சாலை வேலை எடுத்து, அதன் பிறகுதான் யாழ்ப்பாணத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் வந்து ஆறு மாதத்தில் வயிற்றில் பிள்ளை. டொச் என்கிற ஜேர்மன் மொழியில் எனக்குத் தெரிந்தது காலை வணக்கமும் நன்றியும். அவருக்குத் தெரிந்தது அவருடைய மேலாள் கத்துவது. ஊரில் டொச்சை முழுசாகப் பேசத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். மன்னாரிலிருந்து எல்லாருக்கும் முன்னம் வந்து, உணவகக் குசினியில் கோப்பை கழுவிக் கழுவியே மொழியைப் பிடித்தவர். குசினியில் படித்த டொச் என்பதால் அதில் வெங்காயத்துக்கும் அகப்பைக்கும் சொல் இருந்தது. கர்ப்பப்பைக்கு இல்லை. கர்ப்பப்பை என்பதை நீங்கள் தமிழிலேயே வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆனாலும் பெண்களுக்கான வைத்தியரிடம் எங்களைக் கூட்டிப்போகிற ஆள் நீங்கள்தான். கலியாணம் கட்டாத, நாற்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை. வேறு யார் இருந்தார்கள்? வைத்தியர் மூக்குக்கண்ணாடி போட்ட, நரை கண்ட ஒரு பெண்மணி. அவருடைய அறையில் நீங்கள் திரைக்கு அப்பால் ஒரு கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருப்பீர்கள். சுவரில் ஒரு நாட்காட்டி, மாதத்துக்கு ஒரு மலைப்படம். ஊர்ப் பிள்ளைத்தாச்சிகளின் புண்ணியத்தில் அத்தனை மலைகளையும் மனப்பாடம் செய்துவிட்டீர்கள். வைத்தியர் என்னைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்பார். நீங்கள் தொண்டையைச் செருமி, மலையைப் பார்த்துச் சொல்வீர்கள்.

"எல்லாம் ஒழுங்காப் போகுதோ எண்டு கேக்கிறா, தங்கச்சி."

"ஓம் அண்ணை."

"யா," என்பீர்கள் வைத்தியருக்கு. அத்தோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து நான் இதை நடித்துக் காட்ட என் கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் உங்களிடம் போய் அதைச் சொல்லாமல் இருந்திருப்பார் என்று நம்புகிறேன்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அடுத்த தெருவில் இருந்த அக்காவின் மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். எனக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. அந்தச் சின்னப்பெண் கேக் வெட்டிய கையோடு வந்து என் மடியில் சாய்ந்தாள். உடம்பு இளஞ்சூடாக இருந்தது. ஓடித் திரிந்த சூடு என்று நினைத்து முகத்தைத் துடைத்துவிட்டேன். திங்கட்கிழமை அந்த அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு, பக்கத்தில் யாரோ நிற்பதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பிள்ளைக்கு அம்மாள் வந்திருக்கிறா. நீர் வயித்துப்பிள்ளைக்காரி எண்டபடியாத்தான் உமக்குச் சொல்லுறன். வேறை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

நான் சொல்லவில்லை. கொப்பளிப்பான், சின்னம்மை என்றெல்லாம் அதன் பேரைச் சொல்லும் வழக்கம்கூட எங்கள் வீட்டில் இருந்ததில்லை. எங்களுக்கு அது நோய் அல்ல, ஒரு வருகை. வந்தால் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை, தாளிப்பு இல்லை, வாசலில் வேப்பிலை. வைத்தியரிடம் போவது வீடு தேடி வந்தவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது போல. கொப்புளம் காய்ந்ததும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் வார்த்து வழியனுப்ப வேண்டும். என்னோடு படித்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அம்மாள் வந்து போனா. எனக்கு மட்டும் வரவில்லை. அதை ஒரு பெருமையாகவே சொல்லித் திரிந்தவள் நான்.

அடுத்த நாள் செவ்வாய், வைத்தியரிடம் எனக்கு டெர்மின், முன்பே குறித்துத் தந்த நாள். அன்று அவர் வழக்கத்தைவிட நீளமாகக் கேட்டார். நீங்கள் வழக்கம்போல மலையைப் பார்த்து, "எல்லாம் சுகமோ எண்டு கேக்கிறா," என்றீர்கள். எனக்கு அந்தச் சின்னப்பெண்ணின் ஞாபகம் வந்தது உண்மை. ஆனால் அம்மாளைப் பற்றி ஒரு ஆணிடம், அதுவும் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார ஆணிடம் சொல்லி, அதை நீங்கள் குசினி டொச்சில் மாற்றி, அந்த வைத்தியர் சிரித்துவிட்டால்? "ஓம்" என்றேன். "யா" என்றீர்கள். என் நினைவு எப்போதும் அங்கேதான் போய் நிற்கும், அண்ணை. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தவறிப்போனது.

பன்னிரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல். பின்னேரம் வயிற்றில் மூன்று, நெற்றியில் ஒன்று. திங்கள் காலையில் எண்ண முடியாத அளவு. என் கணவர் பயந்து போனார். ஆனால் அவரும் என்னைப்போல வளர்ந்தவர்தானே. இறைச்சியை எடுத்துக் குப்பையில் போட்டார். வேம்புக்கு எங்கே போவது? ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் போய்த் தேடி, ஒரு கொப்பு முறித்துக்கொண்டு வந்தார்.

"இது வேம்பில்லையே," என்றேன்.

"பாத்தால் வேம்பு மாதிரித்தானே இருக்கு."

"அம்மாளுக்கு வித்தியாசம் தெரியாதோ?"

"அவவுக்கு எங்கடை நிலைமையும் தெரியும்," என்று சொல்லி, மூன்றாம் மாடியில் எங்கள் வீட்டுக் கதவில், பெயர்ப்பலகைக்கு மேல், நூலால் கட்டிவிட்டார்.

அந்தக் கொப்புத்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. செவ்வாய்க்கிழமை டெர்மினுக்கு நீங்கள் கூட்டிப்போக வருவீர்கள், அம்மாள் என்று சொல்லாமல் தலையிடி என்று திருப்பி அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். நீங்கள் மணியை அடிக்கவில்லை. கதவைக் கையால் தட்டினீர்கள். திறந்தபோது கண் அந்த இலையிலேயே இருந்தது.

"என்ன தங்கச்சி, வாசலிலை கொப்புக் கட்டியிருக்கிறியள்?"

நான் பதில் சொல்லமுன் என் நெற்றியைப் பார்த்தீர்கள். பிள்ளை வயிற்றில் வந்த நாளிலிருந்து என்னை நேராகப் பார்க்காத நீங்கள் அன்று பார்த்தீர்கள். உங்கள் இரண்டு கன்னத்திலும் சின்னச் சின்னக் குழிகள் இருப்பதை நானும் அன்றுதான் கவனித்தேன்.

"எப்ப தொடக்கம்?"

"ஞாயிற்றுக்கிழமை."

"டொக்டருக்குச் சொன்னியளோ?"

"அம்மாளுக்கு டொக்டர் எதுக்கு அண்ணை? காய்ஞ்சபிறகு தண்ணி வார்த்தால் சரி."

நீங்கள் சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்து தொலைபேசியை எடுத்தீர்கள். எங்கள் வீட்டுக்குள் நீங்கள் சப்பாத்தோடு நடந்தது அந்த ஒரு முறைதான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. காய்ச்சலும் சேர்ந்து கொண்டது. குறுக்கே போய் நின்று கத்தினேன்.

"வையுங்கோ அதை! அம்மாளோடை விளையாடாதையுங்கோ. பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை, உங்களுக்கு இதுகளைப் பற்றி என்ன தெரியும்?"

என் கணவர் என் கையைப் பிடித்தார். நீங்கள் எண்ணைச் சுழற்றிய விரல் பாதியில் நின்றது. மிச்ச எண்களையும் சுழற்றிக்கொண்டே சொன்னீர்கள்.

"எனக்குத் தெரியாதுதான், தங்கச்சி. தெரிஞ்ச ஆக்களைத்தான் கேக்கப் போறன்." பிறகு கொஞ்சம் இளகிய குரலில், "எங்கடை பக்கத்திலையும் இதுக்கு மாதாவுக்கு நேர்த்தி வைக்கிறவை. மாதா ஒருநாளும் ஆஸ்பத்திரிக்குப் போகாதையுங்கோ எண்டு சொன்னதில்லை. உங்கடை அம்மாளும் சொல்லியிருக்க மாட்டா," என்றீர்கள். மறுமுனையில் ஆள் எடுத்துவிட, டொச்சுக்கு மாறினீர்கள்.

முன்வாசலால் வரவேண்டாம் என்று வைத்தியர் சொன்னாராம். காத்திருக்கும் அறையில் இருப்பதெல்லாம் பிள்ளைத்தாச்சிகள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு முதல் பயம் வந்தது. பின்கதவால் உங்கள் பழைய காரிலிருந்து இறங்கிப் போனோம். என் கணவரைக் காரிலேயே இருக்கச் சொன்னார்கள். அவருக்கும் இது வந்ததில்லை. உள்ளே நீங்கள் அந்தக் கதிரையைச் சுவரிலிருந்து இழுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில், என் முகத்தைப் பார்க்கப் போட்டீர்கள்.

"அவ சொல்லுறதை எல்லாம் சொல்லுறன், தங்கச்சி. ஒண்டும் விடமாட்டன்."

விடவில்லை. வைத்தியர் ஒரு வசனம் சொல்லி நிறுத்துவார், நீங்கள் ஒரு வசனம் சொல்வீர்கள். "கிருமி உங்கடை இரத்தத்திலை இருக்கு. அது பிள்ளைக்கும் போயிருக்கலாம். உங்கடை உடம்பு இப்பதான் அதுக்கு எதிர்மருந்து செய்யத் தொடங்கியிருக்கு. அந்த மருந்து கொடியாலை பிள்ளைக்குப் போய்ச்சேர அஞ்சாறு நாள் வேணும். அதுக்கு முன்னம் பிறந்தால், பிள்ளை வருத்தத்தோடை பிறக்கும். மருந்தில்லாமல் பிறக்கும்."

"பிறந்தால் என்ன? சின்னப்பிள்ளையளுக்கு வாறதுதானே?"

"பச்சைப்பிள்ளைக்கு அப்பிடி இல்லையாம். நெஞ்சுக்குப் போகலாம், ஈரலுக்குப் போகலாம்." அங்கே உங்கள் குரல் தடக்கியது. நான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். விட்டுவிடப் போகிறார் என்று நினைத்தேன். நீங்கள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "பிழைக்காமலும் போகலாமாம்," என்றீர்கள்.

பிறந்தநாள் வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் நான் டெர்மினுக்கு வந்தபோதே சொல்லியிருந்தால் எனக்கே ஒரு ஊசி போட்டிருக்கலாமாம். அதையும் சொன்னீர்கள். இப்போதும் பிள்ளைக்கு ஊசி இருக்கிறது, பிறந்த உடனே போடுவார்கள், ஆனால் எல்லாவற்றிலும் நல்லது பிள்ளை வருகிற சனிக்கிழமை வரையாவது வெளியே வராமல் இருப்பது. வைத்தியர் நாலு விரலைக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அன்றே ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டார்கள். புதன்கிழமை மத்தியானம் வயிறு இறுகத் தொடங்கியது. வலி வரும் நாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்க, காய்ச்சலோ பயமோ பிள்ளையை அவசரப்படுத்திவிட்டது. நோவை அடக்க ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, இரண்டும் கையில் ஏறிக்கொண்டிருந்தன. நோவை அடக்கும் மருந்தில் இதயம் படபடவென்று அடித்தது. உலகத்தில் எந்தத் தாயும் பிள்ளை எப்போது வரும் என்று கேட்பாள். நான் படுத்திருந்து, வராதே வராதே என்று மன்றாடினேன். என் கணவருக்கு உள்ளே வர அனுமதி இல்லை. வேலை முடிந்து வந்து கார் நிறுத்தும் இடத்தில் நின்று யன்னலைப் பார்த்துக் கையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். கலியாணத்துக்கு முன்கூட நாங்கள் அப்படி நின்று பார்த்ததில்லை.

உள்ளே வர முடிந்த தமிழ் முகம் நீங்கள் ஒன்றுதான். சின்ன வயதிலேயே உங்களுக்கு வந்து போயிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து, கையில் சவர்க்கார மணத்தோடு வருவீர்கள். உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வியாழக்கிழமை காலையிலிருந்து சொற்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் நீங்கள் வந்து இருந்ததும் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"தங்கச்சி, ஒண்டு சொல்லவேணும். போன டெர்மினிலை டொக்டர் நாலு கேள்வி கேட்டவ. காய்ச்சல் இருந்ததோ, தோலிலை ஏதும் வந்ததோ, வீட்டிலை ஆருக்கும் வருத்தமோ, வருத்தக்காரரோடை பழகினனீங்களோ எண்டு. நான் நாலையும் ஒண்டாக்கித்தான் உங்களைக் கேட்டனான். எனக்கு வெக்கம். ஒவ்வொரு முறையும் அப்பிடித்தான் செய்தனான்."

"நாலையும் கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டன், அண்ணை."

"அது உங்கடை பக்கம். என்ரை பக்கத்தை நான் சொல்லிப்போட்டன்."

என்ன மனிதர் நீங்கள்! வாய்க்கு வந்ததைப் பேசினவள் நான், தலை குனிந்தவர் நீங்கள். நான் கூட்டி வைத்த சொற்களெல்லாம் சிதறிப்போயின. எனக்கு அம்மாளிடம் மரியாதை, உங்களுக்குப் பெண்களிடம் மரியாதை. இரண்டு மரியாதையும் சேர்ந்து ஒரு பிள்ளையை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டன என்று அன்று முழுக்க யோசித்தபடி கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை பகல் வலி திரும்பவும் கூடியது. மருத்துவிச்சி ஆட்டுக்கல்லை ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய உடம்புக்காரி. வந்து என் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, குனிந்து, உள்ளே இருக்கிற ஆளோடு டொச்சில் ஏதோ கதைத்தார். நீங்கள் கதிரையில் முன்னுக்குச் சரிந்து, அதே தோரணையில், என் முகத்துக்கு அல்ல, என் வயிற்றுக்கு மொழிபெயர்த்தீர்கள்.

"இண்டைக்கு வேண்டாம் பிள்ளை. இண்டைக்கு உள்ளை இரு. நாளைக்கு வா. நாளைக்கு வந்தால் அம்மா தாறது எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு வரலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று உங்களுக்கே விளங்கியது. காது மடல் வரை சிவந்துபோனீர்கள். மருத்துவிச்சி சிரித்தார். கண்ணில் நீர் வழிய நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் வயிறு கொஞ்சம் தளர்ந்ததை நான் கற்பனை செய்திருக்கலாம். வலி குறைந்தது மட்டும் உண்மை.

சனிக்கிழமை காலையில் மருந்தை நிறுத்தினார்கள். பின்னேரம் மகள் பிறந்தாள். என் உடம்பில் முதல் கொப்புளம் போட்டு ஆறு நாள். ஒரு முறை காட்டினார்கள், மூக்கு நுனியும் மூடிய கண்ணும்தான் தெரிந்தது. பிறகு கொண்டுபோய்விட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அவளுக்கு ஊசியும் போட்டார்கள். என் கையிலும் முதுகிலும் இன்னும் ஈரக் கொப்புளங்கள் இருந்தன. அவை காயும் வரை நான் அவளைத் தொடக் கூடாது.

அந்த மூன்று நாளும் எனக்குக் கண் நீங்கள். வேலைக்குப் போகமுன் ஒருதரம், முடித்த பிறகு ஒருதரம், பிள்ளையின் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் வருவீர்கள். "கைவிரல் பத்து, கால்விரல் பத்து. எண்ணினனான்." "வலது காதிலை கொஞ்சம் முடி இருக்கு." "பால் குடிச்சுப்போட்டுக் கொட்டாவி விட்டவ. அதையும் சொல்லத்தானே வேணும்." ஒருநாள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "கோபக்காரி போலை கிடக்கு. ஆரைப் போலையோ தெரியாது," என்றீர்கள். என்னை அந்தச் சண்டைக்காக நீங்கள் நக்கலடித்தது அவ்வளவுதான். பிறகு கீழே போய், காருக்குப் பக்கத்தில் நின்ற என் கணவருக்கும் அதே செய்தியை, அதே ஒழுங்கில், கொட்டாவி உட்படச் சொல்வீர்களாம்.

நாலாம் நாள் அவளை என் கையில் தந்தார்கள். அதற்குப் பிறகும் வீட்டுக்கு விடவில்லை, பார்க்க வேண்டும் என்றார்கள். பதினோராம் நாள் அவளுடைய நெஞ்சில் ஒரு கொப்புளம். நான் வைத்த கூச்சலுக்குத் தாதிமார் மூன்று பேர் ஓடி வந்தார்கள். என் பிள்ளைக்கு நானே கொடுத்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். நீங்கள் உணவகத்திலிருந்து ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று, வைத்தியர் சொன்னதைச் சொன்னீர்கள். "வந்திருக்கிறது உண்மை. ஆனால் பிள்ளை வெறுங்கையோடை இல்லையாம். நீங்கள் குடுத்த மருந்தும் இருக்கு, ஊசியும் இருக்கு. பாத்துக்கொண்டு இருக்கலாமாம்." அவளுக்கும் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். மொத்தம் ஏழு கொப்புளம் போட்டது, அண்ணை. எட்டாவது வரவில்லை. ஒரு கிழமையில் ஏழும் காய்ந்து உதிர்ந்தன.

வீட்டுக்குப் போகும் நாள் நீங்கள் வைத்தியரிடம் கேட்ட கடைசிக் கேள்வி எனக்காக. நான் கேட்கச் சொல்லவில்லை. "மஞ்சளும் இலையும் போட்டுத் தண்ணி வார்க்கலாமோ எண்டு கேட்டனான். உங்களுக்குத் தாராளமாம். பிள்ளைக்கு வெறும் இளஞ்சுடுதண்ணி போதுமாம்." அந்த வைத்தியருக்கு நீங்கள் அம்மாளை எப்படி விளக்கினீர்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. என் தோளைத் தட்டி அனுப்பினார்.

அதன் பிறகு ஊரில் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் நீங்கள் கேள்விகளை ஒன்றாக்கவில்லை. நாலு கேட்டால் நாலு. "உங்களுக்குக் கொப்பளிப்பான் வந்ததோ, வரேல்லையோ? வெக்கப்படாமல் சொல்லுங்கோ, எனக்கும் வெக்கம்தான்," என்று ஐந்தாவதாக உங்கள் சொந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொண்டீர்களாம். பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே பதிலும் சொன்னார்கள். பிறந்தநாள் வைத்த அந்த அக்காகூட, அடுத்த வருடம் தன் சின்ன மகனுக்கு வந்தபோது, பிள்ளைத்தாச்சி இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்து, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்.

நான் மட்டும் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. மகள் பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்தியவீட்டில் ஒருதரம் தொடங்கினேன். "அண்ணை, அண்டைக்கு நான் தொலைபேசிக்கு முன்னாலை நிண்டு..." என்றேன். நீங்கள், "வடை ஆறுது தங்கச்சி, சனத்துக்குக் குடுங்கோ," என்று எழுந்து போய்விட்டீர்கள். எத்தனையோ பிள்ளைகளின் பிறப்புக்கு மொழிபெயர்த்தவரிடம், பிள்ளை இல்லாதவர் என்று சொன்னேன் நான். கோபத்தில் சொன்னது என்று சொல்லிக்கொள்ளலாம். நோகும் என்று தெரிந்துதான் அந்தச் சொல்லைத் தேடி எடுத்தேன், அதுதான் உண்மை.

மகளுக்கும் நான் முழுக்கச் சொல்லவில்லை. நெஞ்சில் இருந்த சின்னத் தழும்பைக் கேட்டபோது, குழந்தையாக இருக்கும்போது அம்மாள் வந்தது என்று மட்டும் சொல்லி வளர்த்தேன். என்னிடமிருந்து போனது என்று சொல்ல வாய் வரவில்லை. போன கிழமை அவள் மியூனிக்கிலிருந்து கூப்பிட்டாள். அவளுக்கு இப்போது மூன்றாம் மாதம், அண்ணை. நீங்கள் இருந்திருந்தால் முதலில் உங்களுக்குத்தான் சொல்லியிருப்போம்.

"அம்மா, எனக்குக் கொப்பளிப்பான் வந்ததோ எண்டு டொக்டர் கேட்டவ. எப்ப வந்தது, எப்பிடி வந்தது?"

இரண்டு கேள்வி கேட்டாள். இரண்டுக்கும் பதில் சொன்னேன். பிறந்தநாள் கேக்கிலிருந்து தொடங்கி, என் "ஓம்" இலிருந்து, உங்கள் "யா" இலிருந்து, அந்த நாலு நாள், ஏழு கொப்புளம் வரை. தொலைபேசிக்கு முன்னால் நின்று உங்களுக்குச் சொன்ன அந்த வசனத்தையும் அப்படியே சொன்னேன். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் பேசினாள். இரத்தம் பார்த்தார்களாம். அவளுக்கு எதிர்ப்புச் சக்தி நல்லாக இருக்கிறதாம். அது வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் போகுமாம், பிறந்த பிறகும் சில மாதம் காக்குமாம்.

"பெரியப்பாட்டை நீங்கள் மன்னிப்புக் கேட்டிருக்கலாமே அம்மா," என்றாள் கடைசியில். அவளுக்கு எப்போதும் நீங்கள் பெரியப்பாதான்.

"வெக்கமாக் கிடந்தது, பிள்ளை."

அது போதாத பதில் என்று எனக்குத் தெரியும். வெட்கத்தால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று உங்களையும் என்னையும்விட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆகவே ஒன்றும் விடாமல் இப்போது சொல்கிறேன், அண்ணை. அன்றைக்கு நான் உங்களுக்குச் சொன்னது பிழை. உங்களுக்குப் பிள்ளை இருக்கிறாள். மியூனிக்கில் இருக்கிறாள். கார்த்திகையில் அவளுக்கு ஒரு பிள்ளை பிறக்கப் போகிறது.